சிறப்பாசிரியர் படிப்பும் பதிவும்: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதுதான் என் தொழில். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து இரண்டு வகையானவர்கள் கேள்வியோடு வருகிறார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிக்கிற பெற்றோர் ஒரு பக்கம். இந்தப் படிப்பில் சேரலாமா, வேலை கிடைக்குமா என்று கேட்கிற இளம்பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தப் படிப்பில் சேரப்போகிறவர்கள் பெற்றோருக்கான பதில்களையும் படியுங்கள். நாளைக்கு உங்களிடம் அந்தக் கேள்விகள்தான் வரும்.

சிறப்பாசிரியர் வேலைக்கு உரிமம் கட்டாயமா? டாக்டர், வக்கீல் மாதிரியா?

ஆமாம், அதே மாதிரிதான். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல நமக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் இருக்கிறது. எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வது இதைத்தான். 1992-ல் இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1993 ஜூனிலிருந்து இது சட்டப்பூர்வ அமைப்பாக இயங்குகிறது. மறுவாழ்வுத் துறைப் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவதும், படித்து முடித்தவர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்ப்பதும் இதன் வேலை. அந்தப் பதிவேட்டில் கிடைக்கும் எண்தான் சி.ஆர்.ஆர். எண்.

சட்டத்தின் 13-வது பிரிவு ரொம்பத் தெளிவு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அரசு அல்லது உள்ளாட்சி நிறுவனத்தில் மறுவாழ்வு வல்லுநராகப் பதவி வகிக்கக் கூடாது, நாட்டில் எங்கேயும் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது, அந்தத் தகுதியில் சான்றிதழில் கையெழுத்துப் போடவும் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை இன்றைக்குப் பார்த்தால் சின்னதுதான். சிறைத் தண்டனை சின்னதில்லை.

டீச்சரிடம் போய் "உங்க நம்பரைக் காட்டுங்க" என்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

முறையாகப் படித்தவர் தப்பாக நினைக்க மாட்டார், சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். இரண்டு வருடம் கஷ்டப்பட்டுப் படித்து வாங்கியது ஆயிற்றே.

நம் பக்கத்தில் பெற்றோருக்கு இதில் கூச்சம் அதிகம். பெரிய பங்களா மாதிரி கட்டடம், வாசலில் வண்ணப் பலகை, உள்ளே பொம்மைகள். இதைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறது. அப்படி ஒரு நிலையத்தின் வரவேற்பறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்று, இணையத்தில் சில வாரப் பயிற்சி முடித்ததற்கு. இன்னொன்று, கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கு. மற்றொன்று, யோகா. எல்லாவற்றிலும் தங்க முத்திரை இருந்தது, ஒன்றிலும் பதிவு எண் இல்லை. அங்கே மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்த பெற்றோர் யாரும் அதை நின்று வாசித்திருக்கவில்லை.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன? எந்தக் குறைபாட்டில் படிச்சிருக்கீங்க? எந்த வருஷம் வரைக்கும் செல்லும்?" எண்ணை வாங்கிக்கொண்டு ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடுங்கள். பெயர், தகுதி, பதிவின் காலம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிள்ளையின் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள், அங்கிருந்தே பார்க்கலாம். "எண் வந்துக்கிட்டே இருக்கு, அடுத்த மாசம் தர்றோம்" என்று சொன்னால் சேர்க்கையையும் அடுத்த மாதத்துக்கே தள்ளி வையுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

முக்கியமாக இரண்டு வழி.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ: சிறப்புக் கல்வி டி.எட். பிளஸ் டூவில் 50 விழுக்காடு வேண்டும். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இது போதும்.

பட்டம் முடித்தவர்களுக்கு சிறப்புக் கல்வி பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. 2015-லிருந்து இரண்டு ஆண்டு. இதற்கும் பட்டத்தில் 50 விழுக்காடு தேவை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தளர்வு உண்டு. அப்புறம் எம்.எட். படித்துக் கல்லூரி ஆசிரியராகவும் போகலாம்.

இரண்டிலும் பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியேதான். சிறப்புப் பள்ளியிலும் சாதாரணப் பள்ளியிலும் போய் நின்று, ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு மதிப்பிட்டு, திட்டம் போட்டு, சொல்லித்தந்து, நடந்ததை எழுத வேண்டும். "கல்லூரிக்கு வரவே வேண்டாம், ரெக்கார்டை நாங்களே எழுதித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரெக்கார்டு எழுதாமல் பாஸ் ஆனவர் கையில்தான் நாளைக்கு வாய் பேசாத ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

ஒரு பி.எட். முடித்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித்தரலாமா?

சேரும்போதே ஒரு குறைபாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வைத்திறன், செவித்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவுகள் இருக்கின்றன. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. பொதுப் பாடங்கள் சில எல்லோருக்கும் ஒன்றுதான். சிறப்புப் பிரிவில்தான் வேறுபாடு. பார்வைப் பிரிவில் படித்தவருக்கு பிரெய்லும் கைத்தடி நடையும் தெரியும். செவித்திறன் பிரிவில் படித்தவருக்குக் காது கேட்கும் கருவி, உதட்டசைவு, சைகை. பார்வைப் பிரிவில் படித்தவரைக் கொண்டுவந்து ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முழுநேர ஆசிரியராக வைத்தால் இருவருக்குமே சிரமம். பெற்றோர் "எந்தக் குறைபாட்டில் படித்தீர்கள்" என்று கேட்கச் சொன்னது இதனால்தான்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அத்தனைக்கும் தனித்தனி ஆசிரியர் எந்த ஊரிலும் கிடைக்க மாட்டார். அதனால் வட்டார அளவில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். அது தப்பில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்வதுதான் தப்பு.

காரைக்குடியிலேயே படிக்க முடியுமா?

முடியும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி, மறுவாழ்வு அறிவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் படிக்கிற தூரத்தில் இப்படி ஒரு துறை இருப்பது இந்த வட்டாரப் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய கொடுப்பினை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விசாரிக்கலாம். தொலைநிலையில் சிறப்புக் கல்வி பி.எட். நடத்தி வரும் பல்கலைக்கழகம் அது. சென்னை வரை போக முடியுமென்றால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-ல் தொடங்கியது. கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றை நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆர்.சி.ஐ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்பு, இந்தக் குறைபாட்டுப் பிரிவு, இத்தனை இடம், இந்தக் கல்வியாண்டு முதல் இந்தக் கல்வியாண்டு வரை என்றுதான் கிடைக்கும். போன வருடம் அங்கீகாரம் இருந்த பிரிவுக்கு இந்த வருடம் இல்லாமல் போகலாம். அறிவுசார் பிரிவுக்கு வாங்கிவிட்டு ஆட்டிசம் பிரிவுக்கும் சேர்த்து விளம்பரம் போடுகிற இடங்களும் உண்டு. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர், பிரிவு, ஆண்டு மூன்றையும் அதில் கண்ணால் பார்த்துவிடுங்கள். அங்கீகாரமில்லாத ஆண்டில் சேர்ந்து படித்தவருக்குப் பதிவு எண் கிடைக்காது. பட்டம் பீரோவில் கிடக்கும்.

மூன்று மாத, ஆறு மாதப் பயிற்சிகளால் பயனே இல்லையா?

எதற்கு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெற்றோர் தன் பிள்ளைக்காக நடத்தைப் பயிற்சியோ பேச்சுத் தூண்டலோ கற்றுக்கொள்வது அருமையான விஷயம். ஏற்கெனவே பதிவு பெற்ற ஆசிரியர் புதிய முறையைக் கற்பதும் நல்லதுதான். ஆனால், அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு "சிறப்பாசிரியர்" என்று பலகை மாட்டினால் அது சட்டத்துக்கு எதிரானது.

குறுகிய காலப் படிப்புகளில் ஆர்.சி.ஐ.யே ஏற்றவையும் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய, சமூகம் சார்ந்த உள்ளடக்க வளர்ச்சிக்கான ஆறு மாதப் படிப்பு அதில் ஒன்று. வீடு வீடாகப் போய்க் குறைபாடு உள்ளவர்களைக் கண்டறிந்து, உதவித்தொகை, கருவி, பள்ளி என்று இணைத்துவிடுகிற களப்பணியாளர்களுக்கானது. பராமரிப்பாளர் பயிற்சியும் தனியாக உண்டு. கிராமத்தில் அக்கறையோடு இருக்கிற, மேற்படிப்பு படிக்க முடியாத பெண்களுக்கு இவை நல்ல வாசல். இவற்றை முடித்தவர் சிறப்பாசிரியர் ஆகிவிட மாட்டார், அந்த அணியில் ஒருவர் ஆகிறார்.

ஸ்கூலில் நிழல் ஆசிரியர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவருக்கு என்ன தகுதி?

வகுப்பில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவருக்கென்று தனிப் பதிவுப் பிரிவு கிடையாது. அதனால் அவருக்கு மேலே, திட்டம் போட்டுத் தரப் பதிவு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனி மூலையில் உட்காரவைத்து வண்ணம் தீட்ட விடுவதற்கு ஆள் எதற்கு? வகுப்பு ஆசிரியர் எடுக்கும் பாடத்தோடு பிள்ளையைச் சேர்க்கிறாரா என்று பாருங்கள்.

அரசு வேலை கிடைக்குமா?

படிக்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்துப் பள்ளிகளுக்குப் போய்வருவார்கள். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். தொகுப்பூதியத்தில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஏராளம். நிரந்தரம் இல்லை, பொறுப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த நிலைமை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வந்த தீர்ப்பு, சிறப்பாசிரியர்களை நிரந்தரப் பணியிடங்களில் நியமிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டு வரை 15 பிள்ளைகளுக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே வழக்கில் நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலமும் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவித்து, ஆள் எடுக்கத் தொடங்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஒப்பந்தத்தில் நீண்ட காலம் இருப்பவர்களைப் பரிசீலிக்க மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், கல்வித் துறைச் செயலர், ஆர்.சி.ஐ. பிரதிநிதி அடங்கிய குழு அமைக்கவும் சொன்னது. ஆகவே இந்தத் துறையில் இடங்கள் கூடத்தான் வேண்டும். உங்கள் பதிவை உயிரோடு வைத்திருங்கள். அறிவிப்பு வரும்போது எண் காலாவதியாகியிருந்தால் அழுது பயனில்லை.

ஆசிரியர் தகுதித் தேர்வு எங்களுக்கும் உண்டா?

எழுதலாம். ஆர்.சி.ஐ. ஏற்ற சிறப்புக் கல்வி டி.எட். முடித்தவர்களை முதல் தாளுக்கும், சிறப்புக் கல்வி பி.எட். முடித்தவர்களை இரண்டாம் தாளுக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிகள் அனுமதிக்கின்றன. வகுப்பாசிரியராகப் பணியில் சேர்ந்தபின் தொடக்கக் கல்வியில் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டியிருக்கும்.

பேச்சுப் பயிற்சி, பிசியோ, மனநல நிபுணர் எல்லோருக்கும் இதே பதிவுதானா?

இல்லை. பேச்சு, கேட்பியல் வல்லுநருக்கு ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும். அதற்கான இளநிலைப் பட்டம், ஒரு வருடக் களப்பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டு. மருத்துவ உளவியலாளருக்கும் ஆர்.சி.ஐ. பதிவுதான். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி ஆகியவை 2021-ம் ஆண்டு துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரே ஆள் "ஸ்பீச்சும் நான்தான், பிசியோவும் நான்தான், ஸ்பெஷல் எஜுகேஷனும் நான்தான்" என்று சொன்னால் மூன்றுக்கும் மூன்று தகுதியைக் காட்டச் சொல்லுங்கள்.

சிறப்பாசிரியரே "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம்" என்று சொல்லிவிட்டார். நம்பலாமா?

அவருக்குச் சந்தேகம் வரலாம், அதை உங்களிடம் சொல்வதும் அவர் கடமை. நோயறிதல் அவர் வேலை இல்லை. மூன்று வயதுப் பிள்ளை பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆச்சி சொல்வதை நம்பி இரண்டு வருடத்தை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே பார்ப்பதற்கென்று மாவட்ட இடையீட்டு மையம் இருக்கும். இந்தப் பக்கத்துக்கு சிவகங்கை. திருமயம், பொன்னமராவதி பக்கத்துக்கு புதுக்கோட்டை. குழந்தை மருத்துவர், உளவியலாளர், காது பரிசோதகர் என்று சேர்ந்து பார்த்துச் சொல்வார்கள். குறைபாட்டுச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையும் மருத்துவர்கள் வழியாகத்தான் கிடைக்கும். சட்டப்படியான சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும்.

பதிவு எண் இருந்தால் நல்ல ஆசிரியர் என்று அர்த்தமா?

பதிவு எண் இருந்தால் உள்ளே விடலாம் என்று அர்த்தம். நல்லவரா என்பது அவர் பையில் இருக்கும் நோட்டைப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐ.இ.பி. என்பார்கள். அதற்கு முன்னால் மதிப்பீடு. அறிவுசார் குறைபாட்டுக்கு நாட்டில் பரவலாகப் பயன்படும் மதிப்பீட்டு முறைகளில் ஒன்று நம் சென்னையில் உருவானதுதான்: மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். 18 பகுதிகள், பகுதிக்கு 20 செயல்கள், ஆக 360. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம் என்று ஒவ்வொன்றிலும் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதை அது காட்டிவிடும்.

சட்டைப் பட்டன் போடுவதை எடுத்துக்கொள்வோம். "பட்டன் போடப் பழக்குதல்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர் இருக்கிறார். படித்தவர் அதை உடைப்பார்: இரண்டு ஓரத்தையும் நேராகப் பிடிப்பது, பட்டனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைப்பது, துளைக்குள் பாதி தள்ளுவது, மறுபக்கம் தலை தெரிந்ததும் இழுப்பது. முதலில் மற்றதையெல்லாம் தானே செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுவார். "நான் போட்டுட்டேன்" என்ற சந்தோஷம் முதல் நாளே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். பிறகு பின்னாலிருந்து ஒவ்வொரு படியாக விட்டுக்கொடுப்பார். நோட்டில் தேதி போட்டு, கைபிடித்துச் செய்தானா, சொல்லிச் செய்தானா, தானாகச் செய்தானா என்று குறித்திருப்பார். பழகும் சட்டையில் பெரிய பட்டனும் தளர்ந்த துளையும் இருக்கும்.

அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று மாதமாக ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. திட்டம் போடும்போது உங்களையும் கூப்பிட்டுக் கேட்டார்களா என்பதும் முக்கியம். ஐயாவோடு சந்தைக்குப் போய்க் காய் வாங்கி மீதிச் சில்லறை எண்ணத் தெரிய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால், அது திட்டத்தில் ஏற வேண்டும்.

பதிவு ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லுமா?

செல்லாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் மறுவாழ்வுக் கல்வியில் 100 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. ஏற்ற பயிலரங்குகள், கருத்தரங்குகளில் கலந்துகொண்டால் புள்ளி கிடைக்கும். கடைசி வருடம் ஓடாமல் வருடத்துக்கு 20 என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் சிறப்புக் கல்வி படித்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியிருக்கிறேன். நேரடியாக வேலை செய்யலாமா?

கூடாது. வெளிநாட்டுத் தகுதியை ஏற்பதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. உங்கள் பட்டத்தோடு ஆர்.சி.ஐ.யிடம் விண்ணப்பித்து, பதிவு பெற்ற பிறகு தொடங்குங்கள். அதுவரை பெற்றோர் குழுக்களில் உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

சாதாரண பி.எட். படித்த வகுப்பாசிரியர் "எனக்குப் பயிற்சி இல்லை, வேற ஸ்கூல் பாருங்க" என்கிறார்.

அப்படிச் சொல்லி அனுப்ப முடியாது. 2016 சட்டத்தின்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. வகுப்பாசிரியருக்குப் பயிற்சி தருவதும், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரை வரவழைப்பதும் பள்ளி, கல்வித் துறையின் பொறுப்பு. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நகர்வில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்.

சிறப்புப் பள்ளிக்கும் அங்கே வேலை செய்யும் மற்றவர்களுக்கும் என்ன விதி?

மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்த 2016 சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். அதைப் பார்க்கக் கேளுங்கள். ஆயா, வேன் ஓட்டுநர், காவலாளி, சமையல்காரர் ஆகியோருக்கு ஆர்.சி.ஐ. பதிவு தேவையில்லை. ஆனால் பிள்ளைகளோடு பழகுகிற ஒவ்வொரு பணியாளரையும் பற்றிக் காவல்துறை வழியாக விசாரித்து உறுதிசெய்ய வேண்டும் என்று 2020-ம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. நம் பிள்ளைகளில் பலருக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. ஆகவே இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பதிவில்லாமல் நடக்கும் நிலையத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். நிலையத்தின் பெயர், கட்டிய பணத்துக்கான ரசீது, சுவரில் இருக்கும் சான்றிதழ்களின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் மனுவுக்குக் காத்திருக்க வேண்டாம், 1098-ஐ அழையுங்கள்.